முதுகுல ஒரு ஸ்க்ரூ: ஃபன்ஸ்கூல் காலத்து ஜி.ஐ. ஜோ லாட் ஒண்ணு, முழு ஆய்வு

மிலிட்டரி ஃபிகர் ரிவியூன்னு தமிழ்ல வர்றது எல்லாத்தையும் தேடிப் பாக்கறேன், எல்லாரும் பெட்டியக் காட்டறாங்க, பெயிண்ட் நல்லா இருக்குங்கறாங்க, எத்தனை துப்பாக்கி கூட வருதுன்னு எண்றாங்க, அதோட முடிஞ்சுடுது. பொம்மையத் திருப்பி முதுகப் பாக்கறவங்க ரொம்பக் கம்மி. என்னைப் பொறுத்தவரைக்கும் ஒரு செட் நல்ல செட்டா இல்லையான்னு முடிவு பண்றது முதுகுலதான், அங்க ஸ்க்ரூ இருக்கா, அதைக் கழட்டினா உள்ள இருக்கறது முழுசா வெளிய வருதா, முப்பது வருஷம் கழிச்சு எவனாவது ஒருத்தன் அதைத் திறந்து ரிப்பேர் பண்ணி மறுபடி நிக்க வைக்க முடியுமா. கலெக்டரா பாத்தாலும் கஸ்டம் பண்றவனா, அதாவது பாகங்களை மாத்திப் போட்டு புது ஆள உண்டாக்கறவனா பாத்தாலும் எனக்கு இதுதான் முதல் கேள்வி. அதுக்கு நல்ல சாட்சியா ஒரு லாட் கைக்கு வந்துது, அதை வச்சே இதை எழுதறேன்.

லாட்ன்னா பழைய சாமான் வியாபாரி ஒருத்தர்கிட்ட வாங்கின ஒரு பை. "அண்ணா, எல்லாம் உடைஞ்சதுதான், பிரிச்செல்லாம் தர முடியாது, மொத்தமா எடுத்துக்கறீங்கன்னா எடுத்துக்கோங்க"ன்னு சொல்லித்தான் கொடுத்தார். உள்ள இருந்தது பெரும்பாலும் ஃபன்ஸ்கூல் போட்ட ஜி.ஐ. ஜோ, அதாவது அமெரிக்க ராணுவச் சிப்பாய் பொம்மை வரிசை, அதோட 3¾ அங்குல ஃபிகர்கள், கூட ரெண்டு மூணு அமெரிக்க ஹாஸ்ப்ரோ பீஸ், அப்புறம் யாருக்கும் சேராத கால்கள், ஒரு கைப்பிடி துப்பாக்கிகள். இடுப்போட தனியா விழுந்து கிடந்த ஃபிகர்தான் அதிகம். தெரியாதவங்க பாத்தா குப்பைன்னு சொல்வாங்க. ஆனா இடுப்புல ரெண்டா பிரிஞ்சு கிடக்கற ஜோ உடைஞ்ச ஜோ இல்ல, அதுக்குள்ள இருந்த ரப்பர் வளையம் மட்டும் செத்துப்போச்சு, அவ்வளவுதான்.

அந்த உள் அமைப்பைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா மத்த எல்லாமே இதுல இருந்துதான் வருது. மார்பு ரெண்டு பாதி, முன்பக்கம் பின்பக்கம். ரெண்டையும் சேத்துப் பிடிக்கறது முதுகுல இருக்கற ஒரே ஒரு சின்ன ஸ்க்ரூ. அந்த ரெண்டு பாதிக்கு நடுவுலதான் தோள் பக்கம் ரெண்டு கையும், மேல கழுத்தும் மாட்டிக்கிட்டு இருக்கும், பசை கிடையாது, பின் கிடையாது, சும்மா குழிக்குள்ள உக்காந்திருக்கும். கீழ ரெண்டு தொடைக்கும் நடுவுல டி வடிவத்துல ஒரு உலோகக் கொக்கி. அந்தக் கொக்கில ஒரு கருப்பு ஓ-ரிங் மாட்டி, அதை இடுப்புத் துண்டு வழியா மேல இழுத்து, மார்புக்குள்ள ஸ்க்ரூ போற தூண்ல மாட்டிடுவாங்க. ஆக கால், இடுப்பு, மார்பு மூணையும் ஒண்ணா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கறது அந்த ரப்பரோட இழுவிசை மட்டும்தான். அதனாலதான் இந்த ஃபிகர் இடுப்புல திரும்பும், முன்னாடி வளையும், பக்கவாட்டுல சாயும், உக்கார வச்சா ஜீப்புக்குள்ள அழகா உக்காரும். ஸ்க்ரூவைக் கழட்டினா தலை, ரெண்டு கை, மார்பு ரெண்டு பாதி, இடுப்பு, கால் ஜோடின்னு எல்லாம் மேஜை மேல தனித்தனியா வந்துடும். ஒரு பொம்மையோட தலையும் இன்னொண்ணோட கையும் வேணும்னா ரெண்டு ஸ்க்ரூ போதும். கஸ்டம் பண்றவனுக்கு இதைவிட என்ன வேணும் சொல்லுங்க.

இது எங்கிருந்து வந்துதுன்னு சுருக்கமா. 1964-ல ஹாஸ்ப்ரோ ஜி.ஐ. ஜோவை முதல்ல விட்டப்போ அது 12 அங்குல ஆளு, துணி யூனிஃபார்ம் போட்டு, உடம்புல 21 அசையற பாகம்னு விளம்பரம் பண்ணினாங்க. ஸ்டான் வெஸ்டன்ங்கறவர் கொண்டு வந்த ஐடியாவ ஹாஸ்ப்ரோல டான் லெவின் உருவாக்கினார். பையனுக்கு 'டால்', அதாவது பொண்ணுங்க விளையாடற மாதிரி மனுஷ உருவ பொம்மை, வாங்கித் தரமாட்டாங்கன்னு பயந்து 'ஆக்‌ஷன் ஃபிகர்'னு பேர் வச்சதும் அப்பதான். அந்தப் பெரிய ஜோவோட கன்னத்துல ஒரு தழும்பு இருக்கும், வலது கட்டை விரல் நகம் தப்பான பக்கத்துல உள்பக்கமா இருக்கும், இந்த ரெண்டையும் வச்சுத்தான் காப்பியைப் பிடிச்சாங்க. வியட்நாம் போர் மேல அமெரிக்காவுல வெறுப்பு ஏறினதும் 1970-ல ராணுவத்த ஓரங்கட்டிட்டு 'அட்வென்ச்சர் டீம்'னு மாத்தினாங்க, 70-கள் முடியறதுக்குள்ள பெரிய ஜோ கடையில இருந்தே போயிட்டார். அப்புறம் கென்னர் கம்பெனியோட ஸ்டார் வார்ஸ் சின்ன ஃபிகர்கள் 3¾ அங்குலத்துல பிச்சுக்கிட்டு ஓடினதப் பாத்துட்டு, 1982-ல ஜோ அதே உயரத்துல திரும்ப வந்தார். அந்த உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கு: 3¾ அங்குலம்னா 95 மி.மீ., அதை 18-ஆல பெருக்கினா 1,710 மி.மீ., அதாவது அஞ்சடி ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல ஒரு ஆள். 1:18 ஸ்கேல் வண்டிகளோட இது பொருந்தறது அதனாலதான்.

இப்ப இந்த 1982 செட்டப் பத்தி நான் ரொம்ப நாளா சொல்லணும்னு நினைக்கற விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த முதல் செட்டே ஒரு கஸ்டம் செட். பிரேக்கர், க்ளட்ச், ராக் அண்ட் ரோல் மூணு பேருக்கும் ஒரே தாடித் தலை அச்சு. தலை ஒண்ணு, உடம்பு வேற, கலர் வேற, சாமான் வேற, இப்படி மாத்தி மாத்திப் போட்டு கொஞ்ச அச்சுல நிறைய ஆளுங்களை உண்டாக்கினாங்க. பெயிண்ட் செலவை மிச்சப்படுத்த ஒருத்தனை மட்டும் மொத்தமா கருப்பு பிளாஸ்டிக்ல பெயிண்டே இல்லாம விட்டாங்க, அவன்தான் ஸ்னேக் ஐஸ். பிற்காலத்துல மொத்த வரிசையிலயே ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சவன் அவன்தான். பொட்டு பெயிண்ட் இல்லாத ஆளுக்கு ஒரு ஆளுமை குடுத்தது லாரி ஹாமா எழுதின அட்டைக் குறிப்பு, அந்தப் பேக்கெட் பின்னாடி வெட்டி எடுக்கற சின்ன அட்டை, பேரு, ஊரு, ராணுவத்துல என்ன வேலை, எதுல கெட்டிக்காரன்னு. ஹாமா தானே அமெரிக்க ராணுவத்துல இருந்தவர், அதனால அந்த அட்டையில வெத்து வீராப்பு கம்மியா இருக்கும், ஆளு தெரிவான்.

அப்புறமும் கம்பெனி இதே வேலையத்தான் பண்ணிச்சு. 1988-ல டைகர் ஃபோர்ஸ்னு பழைய அச்சுகளுக்கு புலிக் கோடு போட்டாங்க, 1989-ல பைத்தான் பாட்ரோல்னு பாம்புக் கட்டம் போட்டாங்க, 1990-ல ஸ்கை பாட்ரோல்னு பழைய உடம்புகளுக்குப் புதுத் தலை வச்சு பாராசூட் கட்டி விட்டாங்க. ரீபெயிண்ட் செட்டுன்னு சில கலெக்டர்கள் இதுங்களை மதிக்கவே மாட்டாங்க. எனக்கு அது புரியல. அச்சு ஒண்ணா இருக்கறதாலதான் பாகங்கள் ஒண்ணோட ஒண்ணு சேருது, சேர்றதாலதான் இன்னிக்கு எங்கையோ இருக்கற ஒரு உடைஞ்ச புலிக் கோடுக்காரன் இன்னொருத்தனுக்குக் கை கொடுக்கறான்.

ஃபன்ஸ்கூலுக்கு வருவோம். 1987-ல எம்ஆர்எஃப்பும் ஹாஸ்ப்ரோவும் சேந்து ஆரம்பிச்ச கம்பெனி, தலைமையகம் நம்ம சென்னை, அப்ப ஃபேக்டரி கோவாவுல. ஹாஸ்ப்ரோ அங்க ஓட்டி முடிச்ச அச்சுகள் பல நாட்டுக்குப் பயணம் போயிருக்கு, பிரேசில்ல எஸ்ட்ரெலா, அர்ஜென்டினாவுல பிளாஸ்டிராமா, இங்க ஃபன்ஸ்கூல். 80-கள் கடைசியில இருந்து 2000-ங்களோட ஆரம்பம் வரைக்கும் நம்ம ஊர் கடையில தொங்கின ஜோ எல்லாம் இந்த அச்சுல வார்த்ததுதான். அமெரிக்காவுல 1994-ல அந்த வரிசை நின்னுபோச்சு, இங்க அதுக்கப்புறமும் ஓடிச்சு. அதனாலதான் 2000-ங்களோட ஆரம்பத்துல அமெரிக்க வியாபாரிங்க இந்தியாவுல இருந்து மூட்டை மூட்டையா வரவழைச்சு வித்தாங்க, கிரிம்சன் கார்டு இம்மார்ட்டல் மாதிரி கோப்ரா, அதாவது ஜோவோட எதிரிப் படை ஆளுங்களை ஒரே ஆளு பத்து பதினஞ்சுன்னு வாங்கி அணிவகுப்பு வச்சாங்க. சின்ன வயசுல நாம தெருவுல மண்ணுல புதைச்சு விளையாடினது அங்க கண்ணாடி அலமாரிக்குள்ள இருக்கு.

ஃபன்ஸ்கூல் பீஸ்ல கலர்தான் சுவாரஸ்யம். அமெரிக்கப் பதிப்புல ஆலிவ் பச்சையா இருந்தவன் இங்க வேற பச்சையா இருப்பான், ஒரே ஆளுக்கே வேற வேற வருஷத்துல வேற வேற கலர் இருக்கும், முகத்துல பெயிண்ட் கையால அடிச்ச மாதிரி ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் மாறும். அமெரிக்க ரிவியூக்காரங்க இதை முன்னாடி குறைன்னு எழுதினாங்க, இப்ப அவங்களே வேரியண்ட்டுன்னு தேடறாங்க. இன்னொரு விஷயம், புதுசா வாங்கறவங்க மாட்டிக்கற இடம்: பின்பக்கம் அச்சாகியிருக்கற வருஷம் அச்சோட வருஷம், பொம்மையோட வருஷம் இல்ல. 1986-ன்னு போட்டிருக்கற பீச் ஹெட் 90-கள்ல கோவாவுல வார்த்ததா இருக்கலாம். 'ஒரிஜினல் 1986 பீஸ் சார்'னு யாராவது விலை சொன்னா அந்த வருஷத்தை நம்பாதீங்க, பிளாஸ்டிக் கலரையும் பெயிண்டையும் பாருங்க.

சரி, லாட். எல்லாத்தையும் பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணில ஊற வச்சு, பழைய டூத் பிரஷ்ல தேச்சு, காயவச்சு வரிசையா அடுக்கினேன். அப்புறம் சேதம் எங்கன்னு குறிச்சேன். ஓ-ரிங் ஃபிகர்ல சேதம் எப்பவும் நாலு இடத்துலதான் வரும், இந்த லாட்லயும் அப்படியே.

முதல்ல ரப்பர். இது ஒரு பிரச்சனையே இல்ல, காலாவதி ஆகற பாகம், மாத்த வேண்டியது. பழைய வளையம் சிலதுல கறுத்து இறுகி பிஸ்கட் மாதிரி பொடிஞ்சு வந்துது, சிலதுல உருகி கொக்கியோட ஒட்டிக்கிட்டு இருந்துது. அடுத்து கட்டை விரல். துப்பாக்கிப் பிடி கொஞ்சம் தடிமனா இருந்து பலவந்தமா சொருகினா விரல் போச்சு. லாட்ல பாதிக்கு மேல கட்டை விரல் இல்லாத ஆளுங்கதான், இது உலகம் பூரா இந்த வரிசைக்கு இருக்கற நோய். மூணாவது இடுப்புத் துண்டு, ரெண்டு காலுக்கும் நடுவுல முன்னாடி இருந்து பின்னாடி போற அந்த மெல்லிசு பட்டை. காலை அகலமா விரிச்சா அதுதான் முறியும். நாலாவது ஸ்க்ரூவும் கொக்கியும் துருப்பிடிக்கறது. சென்னைக் காத்துக்கு இது இன்னும் சீக்கிரம். அமெரிக்கக் கலெக்டர்கள் எழுதற பராமரிப்புக் குறிப்புல துருவைப் பத்தி ரெண்டு வரிதான் இருக்கும், இங்க அதுதான் முதல் அத்தியாயம்.

துருப்பிடிச்ச ஸ்க்ரூவுக்கு உடனே எல்லாரும் துரு விடற எண்ணெய் ஸ்ப்ரேயைத் தூக்குவாங்க. வேண்டாம். மார்பு கெட்டியான ஏபிஎஸ் பிளாஸ்டிக், ஸ்க்ரூ தூணைச் சுத்தி ஏற்கனவே இறுக்கத்துல இருக்கும், அந்த மாதிரி எண்ணெய் அங்க இறங்கினா மயிரிழை விரிசல் விடறதுக்கு வாய்ப்பு அதிகம். நான் பண்றது, சால்டரிங் அயர்ன் நுனிய ஸ்க்ரூ தலை மேல சில நொடி வச்சு எடுக்கறது. உலோகம் சூடாகி, சுத்தி இருக்கற பிளாஸ்டிக் லேசா இளகி பிடி விடும். உடனே சரியான அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர வச்சு நல்லா அழுத்திக்கிட்டே திருப்பணும். அழுத்தாம திருப்பினா ஸ்க்ரூ தலை வழவழன்னு ஆயிடும், அதோட அந்த ஃபிகர மூடிட வேண்டியதுதான்.

திரும்ப மாட்டறப்போ இன்னும் முக்கியம். அந்த ஸ்க்ரூ பிளாஸ்டிக்குள்ள தானே மரை வெட்டிக்கிட்டுப் போனது. ஒவ்வொரு தடவை மாட்டறப்பவும் புதுசா மரை வெட்டினா தூண் தேஞ்சு பிடிமானமே இல்லாம போயிடும். அதனால ஸ்க்ரூவ உள்ள வச்சதும் முதல்ல இடது பக்கம், அதாவது கழட்டற பக்கமா மெதுவா திருப்புங்க, ஒரு இடத்துல 'டக்'குன்னு லேசா கீழ இறங்கறது விரலுக்குத் தெரியும், பழைய மரையோட வாய்ல உக்காந்துடுச்சுன்னு அர்த்தம். அங்க இருந்து வலது பக்கம் திருப்பினா வெண்ணெயா போகும். மார்புப் பாதி ரெண்டும் சேந்ததும் நிறுத்திடணும், அதுக்கு மேல கால் சுத்து கூட வேண்டாம். இந்த ஒரு பழக்கம் இருந்தா ஒரு ஃபிகர எத்தனை தடவை வேணும்னாலும் திறக்கலாம்.

புது ஓ-ரிங் வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும்னு அவசியமே இல்ல, ஹார்டுவேர் கடையிலயும் குழாய் சாமான் கடையிலயும் கிடைக்குது, நல்லா இருக்கற ஒரு பழைய வளையத்தக் கைல எடுத்துட்டுப் போய் அளவு பாத்து வாங்கிடலாம். ரொம்ப இறுக்கமான வளையம் போட்டா இடுப்பு விறைப்பா நிக்கும், பாக்க ஜம்முன்னு இருக்கும், ஆனா அந்த இழுவிசை முழுக்க இடுப்புப் பட்டை மேலயும் ஸ்க்ரூ தூண் மேலயும் விழும். கொஞ்சம் தளர்வா, நிக்கறதுக்குப் போதுமான அளவுல இருக்கறதுதான் நல்லது. மெல்லிசா சிலிகான் கிரீஸ் தடவினா ரப்பர் இன்னும் சில வருஷம் கூட உழைக்கும், பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் வேண்டாம், அது சில வகை ரப்பருக்கு ஆகாது.

கட்டை விரலுக்கு நான் பண்ற வைத்தியம்: சின்ன கைத்துளைப்பான்ல அரை மி.மீ. பிட் போட்டு உள்ளங்கை ஓரத்துல ஓட்டை, அதுல மின்சார ஒயர்ல இருந்து எடுத்த ஒத்தைச் செப்புக் கம்பி, அதுக்கு மேல எம்-சீல் இல்லன்னா நல்ல எபாக்ஸி புட்டி வச்சு விரலா உருட்டறது. காஞ்சப்புறம் நைஸ் உப்புத்தாள்ல தேச்சா ஓரளவுக்குத் தெரியாது. உடையறதுக்கு முன்னாடியே காப்பாத்தணும்னா இன்னும் சுலபம், துப்பாக்கி கொடுக்கறதுக்கு முன்னாடி கையக் கொஞ்ச நேரம் சுடுதண்ணில முக்கி எடுங்க, விரல் இளகிக் கொடுக்கும்.

ரிப்பேர் ஆனவங்க ஒரு பக்கம் போனாங்க. மிச்சம் இருந்த கை கால்கள்ல இருந்துதான் கஸ்டம். இதுல எனக்கு ஒரு கண்டிப்பான கொள்கை உண்டு: முழுசா இருக்கற ஃபன்ஸ்கூல் பீஸ்ல கத்தி வைக்க மாட்டேன். அந்த அச்சு, அந்தக் கலர் இனிமே வராது. உடைஞ்சு சேதாரமானது, ஆளே யாருன்னு சொல்ல முடியாதபடி பெயிண்ட் போனது, அதுங்கதான் டோனர், பாகம் தானம் பண்ற ஆளுங்க.

பண்ணினது ஒரு இந்திய ராணுவ ஜவான், கார்கில் போர் நடந்த 1999 வாக்குல இருந்த தோற்றத்துல. நம்ம ஊர்ல நான் பாத்த ஜோ வரிசையில நம்ம சிப்பாய் ஒருத்தன் கூட இல்லைங்கறது எனக்கு எப்பவுமே ஒரு குறை. பச்சை பிளாஸ்டிக்ல வார்த்த உடம்பாப் பாத்து எடுத்தேன், அதுக்கு காரணம் இருக்கு. தோள், முழங்கை, முட்டி, இங்கெல்லாம் பெயிண்ட் உராய்ஞ்சு போகும், என்ன பண்ணினாலும் போகும். அடியில இருக்கற பிளாஸ்டிக்கே கிட்டத்தட்ட அதே கலரா இருந்தா போனது கண்ணுக்குத் தெரியாது. சிவப்பு கோப்ரா ஆள எடுத்துப் பச்சை அடிச்சா ஒரு வாரத்துல முட்டில ரத்தக் காயம் மாதிரி சிவப்பு எட்டிப் பாக்கும். மூட்டு உரசற இடத்துல உப்புத்தாள்ல ஒரு இழை தேச்சுக் குறைச்சுட்டுத்தான் பெயிண்ட் வைக்கணும்.

தலை தொப்பி இல்லாத தலை. அதுக்கு மேல பட்கா. காஷ்மீர்ல நம்ம ஆளுங்க போட்டிருந்த அந்தக் குண்டு தடுக்கற பட்டை, நெத்தியையும் பின்மண்டையையும் மட்டும் மறைச்சு உச்சியில துணியா இருக்கும். அந்த வடிவம் வேற எந்த ராணுவத்தோட ஹெல்மெட்டோடவும் குழம்பாது, தலையப் பாத்ததுமே இந்திய சிப்பாய்னு தெரிஞ்சுடும். எம்-சீல மெல்லிசா கயிறு மாதிரி உருட்டி, தட்டையாக்கி, நெத்தியச் சுத்திக் கட்டி, ஈரமான ஊசி முனையால துணி மடிப்பு இழுத்தேன். ஒரு மி.மீ. தடிமனுக்கு மேல போனா 1:18-ல அது தலைப்பாகை மாதிரி ஆயிடும், அதனால புட்டி வச்சதுல பாதிய சீவி எடுத்தேன்.

துப்பாக்கி இன்சாஸ், நம்ம ராணுவத்துக்காக இந்தியாவுலயே பண்ணின ரைஃபிள். அமெரிக்கப் பொம்மைக் கூட்டத்துல அது எவன்கிட்டயும் கிடையாது, கையாலதான் செய்யணும். நிஜத் துப்பாக்கி 960 மி.மீ., 18-ஆல வகுத்தா 53 மி.மீ. குழலுக்கு 20 கேஜ் ஊசிக் குழாய், அது 0.9 மி.மீ. தடிமன், முனைய மழுங்கத் தேச்சு எடுத்துக்கிட்டேன். உடம்பு ஸ்டைரீன் ஷீட் அடுக்கு. கைப்பிடியும் கட்டையும் ஆரம்ப காலத்து இன்சாஸ்ல இருந்த அந்த ஆரஞ்சு கலந்த பழுப்பு. மேகசின் நிஜத்துல ஒளி ஊடுருவற பிளாஸ்டிக், உள்ள இருக்கற ரவை தெரியும். அதுக்கு ஒரு பழைய மருந்து பாட்டில் மூடியோட மங்கலான பிளாஸ்டிக்ல இருந்து வெட்டி, வளைவு கொடுத்து ஒட்டினேன். அந்த மேகசின் வச்சதும்தான் அது இன்சாஸ் ஆச்சு, அதுக்கு முன்னாடி வரைக்கும் சும்மா ஏதோ ஒரு நீளத் துப்பாக்கி.

பெயிண்ட் பத்தி ஒரு எச்சரிக்கை. ஹார்டுவேர் கடை எனாமல் பெயிண்ட்ட மென்மையான பிவிசி பாகத்துல அடிக்காதீங்க, பிவிசிய மெத்துன்னு வச்சிருக்கற ரசாயனம் பெயிண்டுக்குள்ள ஏறி அது காயவே காயாது, வருஷம் ஆனாலும் விரல் ஒட்டும். தண்ணி கலக்கற அக்ரிலிக் மட்டும், மெல்லிசா பல பூச்சு. சீருடைப் புள்ளிகள், அந்தப் பச்சையும் பழுப்பும் கலந்த திட்டுகள், மூணு நாலு மி.மீ.க்கு மேல பெருசா போட்டா பொம்மை பொம்மையாத் தெரியும், சின்னதா போட்டா ஆளாத் தெரியும். கடைசியில மேட் வார்னிஷ், அது மழைக்காலத்துல வேண்டவே வேண்டாம், காத்துல ஈரம் இருந்தா வெள்ளையா பனி பூத்துடும். ஐப்பசி கார்த்திகை முழுக்க என் ஸ்ப்ரே டப்பா மூடியே இருக்கும்.

இப்ப ஒப்பீடு, இதுக்குத்தான் நிறைய பேர் கேப்பீங்க, புது செட்டெல்லாம் எப்படின்னு. 2007-ல 25-ஆவது ஆண்டு வரிசைன்னு விட்டப்போ ஹாஸ்ப்ரோ ஓ-ரிங்கையும் ஸ்க்ரூவையும் எடுத்துட்டாங்க. மார்புல ஒரு மூட்டு, கணுக்கால்ல ஒரு மூட்டு, ஸ்க்ரூ தெரியாத சுத்தமான முதுகு, செதுக்கல் பல மடங்கு நல்லா இருக்கு, அலமாரில வச்சா பழசு பக்கத்துலயே நிக்க முடியாது. தலைய சுடுதண்ணில காட்டி இழுத்தா பந்து மூட்டுல இருந்து கழண்டு வந்துடும், அந்த விதத்துல தலை மாத்தறது இன்னும் சுலபம்னு கூட சொல்லலாம். ஆனா மார்பு பசை போட்டு மூடினது. தோள் மூட்டு உள்ள தளர்ந்துபோனா திறக்க வழியே இல்ல, பிளேடு வச்சுப் பிளக்கணும். அந்த வரிசையோட ஆரம்ப ஃபிகர்கள் நிறைய ரைஃபிள ரெண்டு கையாலயும் சேத்துப் பிடிக்கறதுக்குத் திணறும், 1983-லயே பழைய ஃபிகருக்குப் புஜத்துல சுழற்சி கொடுத்து 'ஸ்விவல் ஆர்ம்'னு விளம்பரம் பண்ணித் தீத்த பிரச்சனை அது. சிப்பாய் பொம்மை துப்பாக்கியச் சரியா பிடிக்கலன்னா மத்த மூட்டு எல்லாம் எதுக்கு.

2020-ல வந்த கிளாசிஃபைட் வரிசை 6 அங்குலம், தனியா ஒரு ஆளா நிறுத்தி வைக்க அருமை, முகம் அவ்வளவு துல்லியம். ஆனா 1:12-ல வண்டி, கட்டடம்னு ஒரு உலகம் கட்ட வீட்டுல ஒரு ரூமே வேணும், காசு அதுக்கு மேல. 1:18-லயே கஸ்டம் பண்றவங்களுக்குன்னே யோசிச்சுப் பண்ணினது மராடர் டாஸ்க் ஃபோர்ஸ். கை, கால், கழுத்து, வெஸ்ட், பை எல்லாம் கழட்டி மாட்டற மாதிரி, பாகம் பாகமா வாங்கலாம். இன்னிக்கு புதுசா இந்த ஸ்கேல்ல நவீன சிப்பாய் கஸ்டம் ஆரம்பிக்கறவங்களுக்கு நான் தயங்காம சொல்றது அதைத்தான், அனுப்பற செலவும் கஸ்டம்ஸ் வரியும் நெஞ்ச அடைக்கும், அதையும் சேத்துக் கணக்குப் போட்டுக்கோங்க. ஜாய்டாய் 1:18 ஃபிகர்களும் நல்லா இருக்கு, அது கொஞ்சம் எதிர்காலக் கதை சிப்பாய், நிஜ ராணுவம் வேணும்னா நிறைய மாத்தணும்.

வரின்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. ஜி.ஐ. ஜோ 'டால்' வகையா, பொம்மைச் சிப்பாயான்னு அமெரிக்காவுல கேஸே நடந்துது, ஹாங்காங்ல இருந்து இறக்குமதி ஆன ஃபிகர்களுக்கு எந்த வரி போடறதுன்னு. 1989-ல ஃபெடரல் சர்க்யூட் அப்பீல் கோர்ட் அது 'டால்'தான்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. ஹாஸ்ப்ரோ 25 வருஷமா 'ஆக்‌ஷன் ஃபிகர்'னு சொல்லிட்டு வந்தது கஸ்டம்ஸ் மேஜையில எடுபடல.

நல்ல செய்தி என்னன்னா ஹாஸ்ப்ரோவே 2021-ல முன்பணம் கட்டற முறையில ஸ்கைஸ்ட்ரைக்கர் விமானத்தைத் திரும்பப் போட்டப்போ கூட ஓ-ரிங் ஃபிகரத்தான் வச்சாங்க. வயசான கலெக்டர்களோட ஏக்கம்னு மட்டும் இதை ஒதுக்கிட முடியாது. காக்பிட்ல உக்கார வைக்க அந்த இடுப்பை விட நல்ல இடுப்பு இந்த அளவுல இன்னும் வரல, இது என் தீர்மானமான கருத்து.

அதனால இந்த லாட்டுக்கு என் மதிப்பீடு: செதுக்கல்ல புதுசு ஜெயிக்குது, முகத்துல புதுசு ஜெயிக்குது, பெயிண்ட்ல சந்தேகமே இல்லாம புதுசு. திறந்து ரிப்பேர் பண்றதுல, பாகம் மாத்தறதுல, உக்கார்றதுல பழசு பக்கத்துல எதுவும் வர முடியல. பையில குப்பையா வந்ததுல பெரும்பாலானவங்க இப்ப நிக்கறாங்க, அதுக்கு ஆன செலவு ஒரு பாக்கெட் ஓ-ரிங், கொஞ்சம் எம்-சீல், கொஞ்சம் பொறுமை. பசை போட்டு மூடின எந்த செட்டும் இந்த நிலைமையில வந்திருந்தா நேரா குப்பைத்தொட்டிக்குத்தான் போயிருக்கும்.

வாங்கறவங்க வீட்டுல வைக்கறதப் பத்தி ரெண்டு விஷயம் சொல்லிடறேன். வெயில் படற இடம் ஆகாது, வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாயிடும், 1984 ஸ்டார்ம் ஷேடோ வச்சிருக்கறவங்க கிட்ட கேளுங்க, அப்படியே வெள்ளையா ஒண்ணு கிடைக்கறது அவ்வளவு அபூர்வம். ஹைட்ரஜன் பெராக்சைடுல போட்டு வெயில்ல வச்சு வெளுக்கறாங்க, கொஞ்ச நாள்ல மஞ்சள் திரும்பவும் ஏறலாம், அதனால நான் அந்த வேலைக்குப் போறதில்ல. அப்புறம் பீரோல துணிக்கு நடுவுல வைக்கறவங்க அந்துருண்டைய எடுத்துடுங்க, அதோட ஆவி சில பிளாஸ்டிக்க இளக வச்சு மேல்பக்கத்தப் பிசுபிசுன்னு ஆக்கிடும். ரப்பர் மாதிரி மெத்துன்னு இருக்கற சாமான்கள ஃபிகரோட கையில மாட்டியே வருஷக்கணக்கா விடாதீங்க, தனி ஜிப் கவர்ல போட்டு, எது யாரோடதுன்னு உள்ள ஒரு சீட்டு எழுதி வைங்க. ஸ்க்ரூவையும் அப்படியே, கழட்டினவுடனே அதே ஃபிகரோட கவர்லயே போட்டுடணும், ஏன்னா ஒவ்வொரு தூணும் தன் ஸ்க்ரூவுக்குத்தான் மரை வெட்டி வச்சிருக்கு.

லாட்ல இன்னும் இடுப்புப் பட்டை முறிஞ்ச ஆளுங்க சில பேர் பாக்கி. பட்டைக்குள்ள ஓட்டை போட்டு ஸ்டேப்ளர் பின் கம்பி வச்சு ஒட்டிப் பாத்ததுல நிக்குது, ஆனா காலை விரிச்சா தாங்குமான்னு இன்னும் கொஞ்ச நாள் விளையாட விட்டுப் பாத்துட்டுத்தான் அதை எழுதணும்.